எண்ணெய்க்குச் சத்தமில்லை

புனேவை ஒட்டிய தாபோடி லைன் வீடுகளில் யார் வீட்டு குக்கர் கசிந்தாலும் ஹெர்பர்ட்டைத்தான் கூப்பிடுவார்கள். பாத்திரக் கடைக்காரன் பார்த்துக் கைவிட்ட குக்கராக இருந்தாலும் சரி. "ஹெர்பர்ட் பாவூ, ஜரா ஹாத் லாவா" என்று சுர்வே வீட்டு அம்மாள் வாசலில் வந்து நிற்பாள். கொஞ்சம் கை வையுங்கள் என்கிறாள். ஹெர்பர்ட் சட்டையைக் கூடப் போட்டுக்கொள்ளாமல் போவார். குழாயில் வலது புறங்கையை நனைத்துக்கொண்டு, கொதிக்கிற குக்கருக்கு ஒரு சாண் தள்ளி, மூடியைச் சுற்றிக் கையை மெதுவாகக் கொண்டுபோவார். காய்ந்த தோலுக்குத் தெரியாத மூச்சு ஈரத் தோலுக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. கண்ணை வேறு மூடிக்கொள்வார். ஓர் இடத்தில் கை நிற்கும். ஆள்காட்டி விரல் நீளும்.

"அந்தா, அங்கதான்."

அங்கேதான் இருக்கும். ரப்பரில் மயிரிழை அளவு வெடிப்பு.

"ஊர்ல உள்ள குக்கருக்கெல்லாம் கை வைங்க. நம்ம வீட்டுத் தேங்காயத் துருவணும்னா மட்டும் கை சுளுக்கிக்கிடும்" என்பாள் மேவிஸ். கட்கியில் ஒரு சர்ச் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் அவள். நாசரேத்துப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகி வந்தவள். ஹெர்பர்ட் இங்கேயே பிறந்தவர். அவருடைய அப்பா பாளையங்கோட்டையிலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வந்து, தாபோடியில் வீடு பிடித்து, கல்லறைக்கும் இங்கேயே இடம் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள் பேசுவது திருநெல்வேலித் தமிழ். வாசலைத் தாண்டினால் இந்தியும் மராட்டியும். மகள் அலினா பதினொன்றாம் வகுப்பு. அவளுக்கு எல்லாமே ஒரே வாக்கியத்துக்குள் வரும்.

ஹெர்பர்ட்டின் கைக்கு அந்த வித்தை போசரியில் வந்தது. அங்கே ஒரு பெரிய தொழிற்சாலையில் இளவயது முழுவதையும் காற்றோடு கழித்தார். அந்த ஷாப்பில் எல்லாமே காற்றில் ஓடும். மூலையில் கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருக்கும். அது அமுக்கி அனுப்பும் காற்று குழாய் வழியே போய் திருகாணி முடுக்கும், பலகை பிடிக்கும், கதவு திறக்கும். வேலை முடிந்ததும் புஸ்ஸென்று வெளியே போய்விடும். நாள் முழுக்க நூறு பாம்பு சீறுகிற சத்தத்தில் நின்றுவிட்டு வருவார். வீட்டில் மேவிஸ் சாதாரணமாகப் பேசினாலே "ஏன் கிசுகிசுக்க?" என்று கேட்பார். எங்கே காற்று கசிகிறது என்று தேடுவதுதான் அவருக்கு முக்கியமான வேலை. சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பார்க்கச் சொல்வார்கள். ஹெர்பர்ட் அந்த டப்பாவைத் தொட்டதே இல்லை. கையை நனைப்பார், குழாய் ஓரமாகக் கொண்டுபோவார், "அந்தா."

அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். கொஞ்ச நாள் சும்மா இருந்தார். ஈஸ்டருக்கு முந்தின மாதம் ரஞ்சன்காவில் வேலை கிடைத்தது. விடிவதற்குள் கம்பெனி பஸ். நகர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அவ்வளவு தூரம் போய் வரவேண்டும். அதைவிட அவருக்குக் கஷ்டமாக இருந்தது, அங்கே எல்லாம் எண்ணெயில் ஓடியதுதான்.

"அப்படீன்னா என்ன பப்பா? ஹைட்ராலிக், நியூமாட்டிக், எனக்கு ஃபிசிக்ஸ்ல இருக்கு. சமஜ் மே நஹி ஆதா, புரியவே இல்ல" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அலினா கேட்டாள். சர்ச் விட்டு வந்து, கறி கொதித்துக்கொண்டிருந்த நேரம்.

"பரண் மேல பிச்காரி கெடக்கா?"

ரங்கபஞ்சமிக்குச் சாயத் தண்ணீர் பீய்ச்ச வாங்கிய பித்தளைப் பிச்காரி. இன்னும் ரோஜா நிறக் கறை போகவில்லை. ஹெர்பர்ட் அதன் வாயைத் தன் கட்டைவிரலால் அடைத்தார்.

"தண்ணி இல்லாம சும்மா இருக்குல்ல, இப்ப அமுக்கு."

அலினா தண்டை அமுக்கினாள். பாதி உள்ளே போனது. விட்டதும் துள்ளிக்கொண்டு திரும்பி வந்தது.

"பாத்தியா? அதான் காத்து. அமுக்கினா சுருங்கும். விட்டா துள்ளும். வேல சட்டுனு ஆவும். வேல முடிஞ்சா வெளிய விட்டுரலாம், யாரும் கேக்கமாட்டாவ. கோவம் வந்தாலும் புஸ்ஸுன்னு கத்திட்டு அடங்கிரும், உங்கம்மா மாதிரி."

"நான் எங்க கத்துதேன்? நீங்கதான் செவிடு" என்றாள் மேவிஸ் அடுப்பிலிருந்து.

ஹெர்பர்ட் பிச்காரி நிறையத் தண்ணீர் இழுத்துக்கொண்டார். மறுபடியும் வாயை அடைத்தார். "இப்ப அமுக்கு."

அலினா பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். தண்டு அசையவில்லை.

"ஹில்தா நஹி பப்பா."

"அசையாது. தண்ணியும் எண்ணெயும் சுருங்காது. இந்தப் பக்கம் நீ எவ்வளவு தள்ளுதியோ அவ்வளவும் அந்தப் பக்கம் போயி நிக்கும். நிறுத்துன எடத்துல கல்லு மாதிரி நிக்கும். காத்து அப்படி நிக்காது, ஆடிக்கிட்டே கெடக்கும். அதான் தகடு வளைக்குற பெரிய பிரஸ்ஸு, பூமி தோண்டுத வண்டி எல்லாம் எண்ணெயில ஓடுது. எங்க போசரியில காத்து ஆறு கிலோ பிரஷர். இங்க எண்ணெய் எரநூறு கிலோ. வேல செஞ்சிட்டு வெளியயும் போவாது, திரும்பவும் தொட்டிக்கே வந்து சேரணும்."

"தோ ஆயில் பெட்டர் இல்லியா?"

"பெட்டரு என்ன பெட்டரு. காத்து வேகம், எண்ணெய் பலம். அததுக்கு ஒரு வேல." ஹெர்பர்ட் கொஞ்சம் யோசித்தார். "ஆனா எனக்குப் புடிக்கல கண்ணு. காத்துக் குழாயில ஓட்ட விழுந்தா கத்தும். இங்க இருக்கேன், இங்க இருக்கேன்னு சொல்லும். எண்ணெய்க்குச் சத்தமில்ல. பக்கத்துல நின்னாலும் தெரியாது."

அலினா விடாமல் இன்னும் ஓர் அழுத்து அழுத்தினாள். கட்டைவிரல் ஓரமாக ஊசி போலத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போய் மேவிஸின் கன்னத்தில் அடித்தது. அவள் கரண்டியோடு திரும்பினாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பிறகு பல நாள் மேவிஸ் நினைத்துப் பார்த்தாள்.

ரஞ்சன்காவில் ஹெர்பர்ட்டுக்கு மேலே இருந்தவர் பட்டாபிராமன். கோயம்புத்தூரிலிருந்து வந்து பாணேரில் அடுக்குமாடி வீடு எடுத்திருந்த இளம் எஞ்சினியர். தமிழ் ஆள் என்பதால் ஹெர்பர்ட்டிடம் பிரியம். சேர்ந்த வாரத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, படம் போட்டுக் காட்டி, எண்ணெய்க் கசிவை எப்போதும் அட்டையை நீட்டித்தான் பார்க்க வேண்டும், கையை வைக்கவே கூடாது என்று சொன்னார். ஹெர்பர்ட்டும் தலையாட்டினார். அந்த நேரத்தில் புரிந்துதான் ஆட்டினார். ஆனால் இத்தனை வருஷமாக மூளையைக் கேட்காமலே போய்வந்து பழகிய கைக்கு யார் வகுப்பு எடுப்பது?

ஜூன் மாதம் மழை பிடித்தது. பால்கி வருகிற வாரம். தேஹுவிலிருந்து துகாராமின் பாதுகையைச் சுமந்த பல்லக்கு பண்டரிபுரத்துக்குப் போகிற வழியில் தாபோடியைத் தாண்டித்தான் புனேவுக்குள் நுழையும். லட்சம் பேர் நடந்து வருவார்கள். லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஏதாவது கொடுப்பார்கள். சுர்வே வீட்டில் பாக்ரி ரொட்டியும் கடலைமாவுப் பிட்லையும். எதிர்வீட்டுப் பையன்கள் நடந்து வரும் வார்கரிகளின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார்கள். தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து சுக்குக் காப்பி போடுவது என்பது ஹெர்பர்ட்டின் அப்பா காலத்திலிருந்தே வழக்கம். நனைந்து நடுங்கி வருகிறவர்கள் அதை மதராசி காடா, மதராசிக் கஷாயம், என்று கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். வருஷா வருஷம் அதற்கென்றே நின்று போகிற முகங்கள் கூட உண்டு.

பால்கிக்கு முந்தின நாள் சாயங்காலம் மேவிஸ் உரலில் சுக்கும் மல்லியும் இடித்துக்கொண்டிருந்தாள். பஸ் விட்டு ஹெர்பர்ட் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வலது கையை நீட்டினார்.

"மேவிஸ், இதப் பாரு."

ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு புள்ளி. குண்டூசி குத்தினாற்போல. ரத்தம் கூட இல்லை.

"என்ன குத்திச்சு?"

"ஒண்ணும் குத்தல. பிரஸ்ஸுல பிரஷர் எறங்கிட்டே இருந்துச்சு. எங்கயோ லீக்கு. கண்ணுக்குத் தெரியல. குழாய் ஓரமா கைய விட்டுப் பாத்தேன். சுருக்குன்னுச்சு. அவ்வளவுதான்."

"மெஷின நிறுத்திட்டுப் பாக்கக் கூடாதா?"

"நிறுத்தினா பிரஷர் போயிரும், பொறவு எப்படி லீக்கு தெரியும்?" என்று அவளிடமே நியாயம் கேட்டார். "பஸ்ட் எய்டுல மருந்து தடவி பிளாஸ்திரி போட்டாவ. நான்தான் பிச்சுப் போட்டேன்."

"வலிக்கா?"

"வலிக்கல. மரமரங்குது."

இவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் என்ன கேட்டிருக்க முடியும் என்று மேவிஸுக்கு இன்றைக்கும் தெரியவில்லை. சமையல்கட்டில் அவளுக்கு இதைவிடப் பெரிய காயம் வாரம் ஒன்று விழும். ஆனாலும் மனசு கேட்காமல் தெருமுனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் நல்ல மனுஷர். புள்ளியைப் பார்த்தார், அமுக்கினார், டி.டி. ஊசி போட்டார், வலிக்கு மாத்திரை கொடுத்தார். "மெஷின்வாலா ஆத்மி ஹை, சூயீ ஸே டர் கயா க்யா?" என்று ஹெர்பர்ட்டின் தோளைத் தட்டினார். ஊசிக்கா பயந்துவிட்டாய் என்கிறார். ஹெர்பர்ட்டும் சிரித்தார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது விரல் விறைத்திருந்தது. குழம்பைப் பிசைய முடியவில்லை. ஸ்பூன் கேட்டார். மேவிஸ் அவருக்கு ஸ்பூன் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"நரம்பு பிடிச்சிருக்கும். ஒத்தடம் கொடுத்தாச் சரியாப் போவும்" என்றாள். நாளைய சுக்குக் காப்பிக்காகப் பெரிய தவலையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் துண்டை நனைத்துப் பிழிந்து, ஊதி ஊதி விரலில் வைத்தாள். பிறகு விரலிலிருந்து உள்ளங்கை வரை தேங்காய் எண்ணெய் விட்டு நீவிவிட்டாள். அவளுடைய அம்மா அப்படித்தான் செய்வாள்.

"எப்படி இருக்கு?"

"சுகமா இருக்கு" என்றார் ஹெர்பர்ட். துண்டு ஆற ஆற மாற்றினாள். அவர் தூங்கும்வரை மாற்றினாள்.

விடிந்தபோது அந்தக் கை அவருடையதாக இல்லை. விரல் வீங்கி வெளுத்திருந்தது. நுனி மட்டும் ஒரு மாதிரி சாம்பல் நிறம். உள்ளங்கை பலூன் போல உப்பியிருந்தது. கையைத் தொங்கவிட்டால் உயிர் போனது. தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்க வேர்த்திருந்தது.

"பப்பா, ஹாத் மத் ஹிலாவோ, ஆட்டாதீங்க. மம்மி, பாருங்க, பிளாக் ஆகுது" என்று அலினா அழுதாள்.

தெருமுனை டாக்டர் பத்து மணிக்குத்தான் கடை திறப்பார். அதற்குள் கம்பெனிக்குச் சொல்லிவிடலாம் என்று மேவிஸ் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் பட்டாபிராமன் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"சார், ஹெர்பர்ட் மிஸஸ் பேசுதேன். அவுகளால இன்னைக்கு வேலைக்கு வரமுடியாது. கை வீங்கியிருக்கு."

"கையா? என்ன மேடம் ஆச்சு?"

"நேத்து விரல்ல ஏதோ சுருக்குன்னுச்சாம். ஒரு புள்ளிதான் இருக்கு. லீக்கு பாத்தாவளாம்."

 "எதை வச்சுப் பாத்தார்?"

"கைய வச்சுத்தான்."

"ஐயோ" என்றார் பட்டாபிராமன். "மேடம், அது குத்தலை. எண்ணெய் உள்ள போயிருக்கு. ஊசி போடற மாதிரி தோலைத் துளைச்சு உள்ள போயிடும். வெளிய புள்ளிதான் தெரியும். எங்கிட்ட அவர் சொல்லவே இல்லை. மெஷின் சரி ஆயிடுச்சு சார்னுதான் சொன்னார். இப்பவே கிளம்புங்க. புனே ஸ்டேஷன் பக்கம் இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு. சர்ஜன் இருக்கற இடத்துக்கு. காத்திருக்காதீங்க. நானும் வரேன்."

மேவிஸ் ஓடிவந்தாள். வாசலுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு ரோடு ஞாபகம் வந்தது.

பால்கிக்காக மும்பை-புனே ரோட்டை அதிகாலையிலேயே அடைத்துவிட்டார்கள். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. அலினா ஸ்டேஷனுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள். காலை லோக்கல் போய்விட்டது. அடுத்தது மத்தியானத்துக்கு மேல்தான். எதிர்வீட்டுப் பையனிடம் பைக் இருந்தது. அவன் எடுத்துக்கொண்டும் வந்தான். சந்து முனையிலேயே போலீஸ் நிறுத்திவிட்டது. ஹெர்பர்ட்டின் கையைக் காட்டினாள் மேவிஸ். போலீஸ்காரர் பார்த்தார். "நான் விட்டாலும் பைக் எங்கே போகும் அம்மா?" என்று ரோட்டைக் காட்டினார். ரோடு தெரியவில்லை. தலைகள்தான் தெரிந்தன. கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளைத் தொப்பியும், துளசிச் செடியைத் தலையில் சுமந்த பெண்களும், காவிக் கொடியும்.

"நடந்துரலாம்" என்றார் ஹெர்பர்ட். "ஹாரிஸ் பாலத்தத் தாண்டிட்டா கட்கிக்குள்ள ஆட்டோ கெடைக்கும்."

அலினாவைச் சுர்வே வீட்டில் விட்டார்கள். சுக்குத் தவலையைத் திறக்கக்கூட இல்லை.

சின்ன மழை தூறிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குள் நுழைந்த பிறகு முன்னால் போகவும் முடியாது, பின்னால் வரவும் முடியாது. அது நடக்கிற வேகத்தில்தான் நாமும் நடக்க வேண்டும். தாளமும் மிருதங்கமும் காதை அடைத்தன. பாட்டுக்கு எல்லோரும் கையைத் தூக்கி ஆடினார்கள். ஹெர்பர்ட்டும் கையைத் தூக்கித்தான் பிடித்திருந்தார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவரும் ஒரு பக்தராகத்தான் தெரிந்திருப்பார். மேவிஸ் அவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் சீக்கிரம், கொஞ்சம் சீக்கிரம்" என்று யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பாலத்தின் மேல் கூட்டம் நின்றேவிட்டது. முன்னால் எங்கேயோ ரதத்துக்கு ஆரத்தி எடுக்கிறார்களாம். கீழே ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது.

"இன்னும் எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று மேவிஸ் பக்கத்தில் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. ஒரு பெரியவர் குனிந்து ஹெர்பர்ட்டின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வழியில் பார்க்கிறவர்களையெல்லாம் சாமியாக நினைத்துக் கும்பிடுவது அவர்கள் பழக்கம். ஹெர்பர்ட்டுக்கும் தெரியும், எல்லா வருஷமும் அவரும் பதிலுக்குக் குனிவார். இன்று குனிய முடியவில்லை.

"மாவூலி, கையில் என்ன?" என்று அந்தப் பெரியவர் மராட்டியில் கேட்டார். மாவூலி என்றால் தாய், யாரையும் அப்படித்தான் அழைப்பார்கள்.

"மெஷின்" என்றார் ஹெர்பர்ட்.

பெரியவர் கையைப் பார்த்தார். பிறகு அவருடைய திண்டியில், அந்தப் பஜனைக் குழுவில், வந்தவர்களை அதட்டி ஒதுக்கினார். ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வழி கிடைத்தது. பத்தடி போனதும் அடுத்த திண்டி. அவர்களுக்கு இதெல்லாம் தெரியாது, அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் நின்றார்கள்.

"மேவிஸ், எனக்கு இப்ப வலி கொறஞ்சிட்டு" என்றார் ஹெர்பர்ட்.

"நல்லதுதானே."

"நல்லதுன்னு தோணல. விரல் இருக்கது தெரியல" என்றார்.

மேவிஸ் அந்த இடத்தில் நின்று அழுதாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் துளசியைக் கீழே இறக்கி, அவள் கண்ணைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். அந்தக் கூட்டத்தில் கெட்டவர் ஒருத்தரும் இல்லை. யாரைக் கோபிப்பது என்றும் மேவிஸுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் கழிந்திருந்தது. சர்ஜன் நடுத்தர வயதுப் பெண். கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. நர்சைக் கூப்பிட்டு வேகமாக ஏதோ சொன்னார். பிறகு இந்தியில் கேட்டார்.

"எப்போ ஆச்சு?"

"நேத்து மத்தியானம்."

"நேத்தே ஏன் வரலை?"

ஹெர்பர்ட் விரலைப் பார்த்தார். ஒரு புள்ளிக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்?

"விரல் நுனியில் போன எண்ணெய் தசைநார் உறை வழியா உள்ளங்கைக்குப் போயிருக்கும். அது தானா வெளியே வராது. உள்ளேயே இருந்து சதையைக் கெடுக்கும். திறந்துதான் கழுவணும்" என்றார் சர்ஜன். எழுதிக்கொண்டே கேட்டார். "கையில் சூடு ஏதாவது வச்சீங்களா? ஒத்தடம், மசாஜ்? அப்படி வச்சா வீக்கமும் பரவறதும் அதிகமாகும்."

மேவிஸ் வாயைத் திறந்தாள்.

"இல்ல டாக்டர்" என்றார் ஹெர்பர்ட். "யாரும் தொடவே இல்ல."

சர்ஜன் அதையும் எழுதிக்கொண்டு போனார். மேவிஸ் ஹெர்பர்ட்டைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க..."

"நீ போயி நம்ம தெரு பூத்துக்குப் போன் பண்ணி அலினாவக் கூப்பிடச் சொல்லு. சாப்பிட்டாளான்னு கேளு" என்றார்.

பட்டாபிராமன் சட்டையெல்லாம் நனைந்து வந்து சேர்ந்தபோது ஹெர்பர்ட்டை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அவரும் பாதி வழி நடந்துதான் வந்திருந்தார். பெஞ்சில் மேவிஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் படம் போட்டுக் காமிச்சேன் மேடம். அட்டைய நீட்டுங்க, எண்ணெய் அட்டைல படும்னு சொன்னேன்."

"நீங்க சொன்னத அவுக வீட்லயும் வந்து சொன்னாவ."

"அப்புறம் ஏன் கைய வச்சார்?"

"அவுகளுக்கு லீக்குன்னாலே கைதான் சார் போவும். காத்துல அப்படித்தானே பாத்தாவ. ஒரு தடவகூட ஒண்ணும் ஆவல" என்றாள் மேவிஸ்.

"காத்துன்னா மேல பட்டுட்டுப் போயிடும். விலகிடலாம். இது கோடு மாதிரி வருது, கண்ணுக்கே தெரியாம" என்று அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டு சொன்னார். "நேத்து சாயங்காலம் நான் அவர் கைய குலுக்கினேன் மேடம். லீக்கைக் கண்டுபிடிச்சுட்டீங்க, சபாஷ்னு குலுக்கினேன். எனக்குத் தெரியலை."

மேவிஸுக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒத்தடத் துண்டு அவள் கண்முன்னாலேயே ஆவி பறந்துகொண்டிருந்தது. பட்டாபிராமன் டீ வாங்கிக் கொடுத்தார். இருவரும் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளங்கையை மணிக்கட்டு வரை திறந்தார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் திறந்தார்கள். மறுபடியும் கழுவினார்கள். கை பிழைத்துவிட்டது என்றார்கள். விரல் பிழைக்கவில்லை. ஆள்காட்டி விரலை அடியோடு எடுத்தார்கள். கேட்டுவிட்டு எடுத்தார்கள் என்பதுதான் கொடுமை. "எடுக்கலாமா?" என்று கேட்டபோது வேறு என்ன சொல்லமுடியும்? மேவிஸ்தான் கையெழுத்துப் போட்டாள். ஹெர்பர்ட்டால் பேனா பிடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு சுர்வே வீட்டு அம்மாள் உப்புமாவும் ஷீராவும் கொண்டுவந்தாள். எல்லோரும் வந்து பார்த்தார்கள். யாரும் குக்கரைப் பற்றிப் பேசவில்லை. அவர்கள் வீட்டு ரப்பர்களும் அந்த மாதம் எப்படியோ கசியாமல் இருந்தன, அல்லது கசிந்ததைச் சொல்லாமல் இருந்தார்கள். ஹெர்பர்ட் நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கை மடங்கவில்லை. பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் அமுக்குவார், பந்து மடியில் உருண்டுவிடும். அலினா எடுத்துக் கொடுப்பாள். பட்டாபிராமன் ஒரு தடவை வந்து, ஸ்டோரில் உங்களுக்கு ஒரு வேலைக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றார். அவர் குரலிலேயே அவருக்கு நம்பிக்கை இல்லை. ஹெர்பர்ட் சரி சார் என்றார்.

ஒத்தடத்தைப் பற்றி மேவிஸ் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் அவர் அலினாவின் படிப்பைக் கேட்டார். கடைசியில் ஒருநாள் விடாமல் சொல்லியேவிட்டாள்.

"நான்தாங்க சூடு வச்சேன். நான்தான் நீவிவிட்டேன்."

"அன்னைக்கு சுகமா இருந்துச்சுட்டீ. அதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் ஹெர்பர்ட். 

கணபதி வருவதற்கு முந்தின வாரம். கொட்டுக்காரர்கள் ஆற்றங்கரையில் பழகிக்கொண்டிருந்தார்கள். மேவிஸ் பருப்புக்குக் குக்கர் வைத்தாள். விசில் வரவில்லை. எங்கேயோ இருந்து சின்னதாகச் சீறுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் மூடியைத் தட்டிப் பார்த்தாள். வெயிட்டைத் தூக்கி மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே சத்தம்.

ஜன்னலோரமிருந்து ஹெர்பர்ட் எழுந்து வந்தார். அவளைக் கேட்கவில்லை. குழாயைத் திறந்து வலது புறங்கையை நனைத்தார். தையல் போட்ட இடமெல்லாம் தண்ணீர் வழிந்தது. மடங்காத அந்தக் கையை மூடியைச் சுற்றி, ஒரு சாண் தள்ளி, மெதுவாகக் கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார். மேவிஸ் கையில் பிடித்துணியோடு நின்றாள்.  கைப்பிடியைத் தாண்டி ஓர் இடத்தில் கை நின்றது.

"அந்தா, அங்கதான்" என்றார்.

மேவிஸ் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் ஒன்றுமில்லை. மற்ற மூன்று விரல்களும் விறைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நின்றன. அவர் எங்கே காட்டுகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"தெரியுதா?" என்று கேட்டார் ஹெர்பர்ட். கண்ணை இன்னும் திறக்கவில்லை.

"தெரியுதுங்க" என்று சொல்லிவிட்டு மேவிஸ் அடுப்பை அணைத்தாள்.